சிவப்புப் பட்டையில் ஓடிய வரி

கல்யாணமாகி உத்தமபாளையம் பக்கம் வந்த நான்காம் மாதம் எனக்கு வேலை கிடைத்தது. உள்ளூர் கேபிள் டிவியில், திரைக்கு அடியில் ஓடும் எழுத்தைத் தட்டச்சு செய்யும் வேலை. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து ஆண்டுகள் ஆகியிருந்த சமயம் அது. வீட்டு மாடிகளில் டிஷ் இன்னும் முளைக்கவில்லை. உத்தமபாளையத்திலும் சுற்றியிருந்த ஊர்களிலும் ஒரே கேபிள்தான், அதில் எங்கள் சேனல் ஒன்று. பகலில் இரண்டு படம், இடையில் பாட்டு. திருவிழாக் காலத்தில் கோயில் தேர், சந்தனக்கூடு, மாதா சப்பரம் என்று எல்லாவற்றையும் வீடியோ எடுத்துப் போடுவோம். எது ஓடினாலும் அதன் அடியில் என் எழுத்தும் ஓடும்.

கண்ட்ரோல் ரூம் என்று பெயர்தான் பெரிது. கடைவீதியில் டிவி ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறை. இரண்டு கம்ப்யூட்டர், அடுக்கடுக்காக மெஷின்கள், அந்தச் சூட்டைத் தணிக்க ஒரு டேபிள் ஃபேன். முதலாளி ஒரு ராவுத்தர். எல்லோருக்கும் அவர் பாய். கீழே கடையில், பிரித்துப் போட்ட டிவிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். முதல் நாளே எனக்கு மூன்று நிறம் சொல்லிக் கொடுத்தார். துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை விளம்பரத்துக்கு நீலப் பட்டை. கண்ணீர் அஞ்சலிக்குக் கறுப்புப் பட்டை. மழை, வெள்ளம், காற்று என்று ஆபத்தான சேதி வந்தால் மட்டும் சிவப்பு.

"செவப்பச் சும்மா சும்மா தொட்றாதம்மா. பாத்துப் பழகிட்டாகன்னா அப்பறம் மதிக்க மாட்டாக" என்றார்.

சிவப்புச் சேதி தாலுகா ஆபீசிலிருந்து போனில் வரும். சில நேரம் தாளாகவே கொண்டுவந்து கொடுப்பார்கள். 'முல்லைப் பெரியாற்றில் நீர்வரத்து அதிகரித்துள்ளதால், கரையோரம் வசிக்கும் பொதுமக்கள் ஆற்றில் இறங்கவோ, குளிக்கவோ, துணி துவைக்கவோ, கால்நடைகளை ஓட்டிச் செல்லவோ வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே அடிப்பேன். வலது ஓரத்தில் தலைகாட்டி இடது ஓரத்தில் மறைந்து முடிக்க அந்த வாக்கியத்துக்கு முக்கால் நிமிடம் ஆகும். 'வேண்டாம்' என்ற சொல் வரும்போது 'ஆற்றில்' போய் வெகுநேரம் ஆகியிருக்கும். நடுவில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தால் 'குளிக்கவோ, துணி துவைக்கவோ' என்பது மட்டும் கண்ணில் படும். இதையெல்லாம் நான் அப்போது யோசித்ததில்லை. பிழையில்லாமல் அடிக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. கெங்குவார்பட்டியில் என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எழுத்துப் பிழை விட்டால் எங்கள் வீட்டில் சோறு இறங்காது.

புகுந்த வீடு ஆற்றங்கரை ஊர். வேதக்கார ஊர் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் மாதா கோயில் கோபுரம் தெரியும். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். கணவர் ஜீப் ஓட்டினார். விடிவதற்குள் தோட்டத் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போவார், சாயங்காலம் இறங்குவார். பகலெல்லாம் வீட்டில் என் அத்தை மட்டும்தான் இருப்பார்.

அத்தை அதிகம் பேசமாட்டார். நான் வந்த புதிதில் ஒரு நாளைக்கு அவர் என்னிடம் சொன்னதை எண்ணினால் பத்து வார்த்தை தேறாது. "சோறு மூடி வச்சிருக்கேன்." "பஸ்ஸு வந்துரும், கெளம்பு." என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மதினி சொல்லித்தான் வேறொரு சேதி தெரிந்தது.

"நீ பஸ் ஏறுனதும் ஒங்க அத்த டிவியப் போட்டுட்டு உக்காந்துருவாக. படத்தப் பாக்க மாட்டாக. கீழ ஓடுற எழுத்ததான் பாத்துக்கிட்டே இருப்பாக. 'எம்மருமக எழுதுனது'ன்னு எங்கிட்டயும் காட்டுவாக. ஒங்கிட்ட சொன்னதில்லையா?"

அத்தை என்னிடம் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மறுநாளிலிருந்து துணிக்கடை விளம்பரத்தைக்கூட ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்துத்தான் ஓடவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது அத்தை ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வருவார். பாட்டு எண்ணைச் சொன்னதும் புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் பாடுவார். நான் பக்கத்தில் நின்று அவர் புத்தகத்தை எட்டிப் பார்த்ததில்லை. எனக்குத்தான் தனியாக ஒன்று இருந்ததே.

அந்த வருடம் ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம். எங்கள் பக்கம் மழை இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. மேற்கே மலை மட்டும் இரண்டு நாளாகக் கறுத்துக் கிடந்தது. காலை பத்தரை மணிக்குப் போன் வந்தது. மலையில் விடாமல் மழை, மத்தியானத்துக்குள் ஆற்றில் தண்ணீர் கூடும், யாரும் இறங்கக் கூடாது என்றார்கள். எழுதிக்கொண்டேன். சிவப்புப் பட்டையைத் திறந்து அதே நீண்ட வாக்கியத்தை அடித்தேன். பாட்டு நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வருகிற மாதிரி வைத்துவிட்டு, கீழே போய் பாயிடம் சொன்னேன். அவர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். "இங்கன வெயிலு மண்டையப் பொளக்குது, யாரு நம்புவா" என்றார். ஆனால் கடையில் ஓடிக்கொண்டிருந்த டிவியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

பன்னிரண்டரைக்கு மறுபடி போன். இந்த முறை தாலுகா ஆபீஸ் இல்லை. எங்கள் ஊர் டீக்கடைக்காரர். மூச்சு வாங்கப் பேசினார்.

"கேபிளா? ஒடனே ஒரு சேதி போடுங்க. எங்க ஊர் ஆத்துல ரெண்டு பொம்பளைக மாட்டிக்கிட்டாக. அக்கரை மோட்டார் ரூம் மேல ஏறி நிக்கிறாக, சுத்திவரத் தண்ணி. கயிறு, லாரி டியூபு வச்சிருக்கவுக யாரா இருந்தாலும் வரச் சொல்லிப் போடுங்க. இங்கன கரண்டும் போயிருச்சு."

என் குரல் அவருக்குத் தெரியவில்லை. நான் ஊர்ப் பெயரை அடித்தேன். 'இரண்டு பெண்கள்' என்று அடித்தேன். எந்தப் பெண்கள் என்று கேட்கத் தோன்றியது அதற்குப் பிறகுதான்.

"ஜீப்காரர் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பொம்பளையும்."

போனைத் தோளில் இடுக்கியபடியே மீதியை அடித்தேன். 'கயிறு' என்ற சொல்லில் இரண்டு முறை தப்பு விழுந்தது. திருத்தினேன். ஓடவிட்டேன். படத்தை நிறுத்திவிட்டு வெறும் திரையில் அந்த வரி மட்டும் நிற்கிற மாதிரி செய்யலாம் என்று தோன்றியது. ஆனால் பாயைக் கேட்காமல் படத்தை நிறுத்தியதில்லை. மாடிப்படியில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பாய் மேலே ஓடிவந்து திரையைப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்க ஊரா?"

"எங்க அத்தை, பாய்."

அவரே படத்தை நிறுத்தினார். தெருவில் போன ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு என்னை ஏற்றிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஊரே நின்றது. நான் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிற ஆறு இல்லை அது. செம்மண் நிறத்தில் அகலமாக, சத்தமாகப் போனது. காலையில் கல் தாண்டிக் கடக்கிற இடம் இருந்த சுவடே இல்லை. எதிர்க்கரையில் ஆளுயர மோட்டார் ரூமில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. அதன் கூரையில் இரண்டு சேலைகள் தெரிந்தன. ஒன்று அத்தையின் பச்சைச் சேலை. கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. ஒரு கையால் மதினியின் தோளைப் பிடித்திருந்தார், இன்னொரு கையால் வாசற்பக்கம் சாய்ந்திருந்த தென்னைமட்டையை.

மாதா தேர் இழுக்கும் வடத்தைக் கோயிலிலிருந்து தூக்கி வந்திருந்தார்கள். அதைக் கொண்டு போக வழியில்லாமல் நின்றார்கள். அப்போதுதான் உத்தமபாளையம் பஞ்சர்கடைக்காரர் ஒருவர், பின்னால் ஒரு ஆளும் இரண்டு லாரி டியூபுமாக மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். "டிவில பாத்தேன்" என்றார். நீச்சல் தெரிந்த நான்கு பேர் டியூபுகளில் வடத்தைக் கட்டிக்கொண்டு மேலே நூறு அடி தள்ளி இறங்கி, தண்ணீர் இழுத்த இழுப்புக்கு விட்டுக்கொடுத்து, சரியாக மோட்டார் ரூமில் போய் ஒட்டினார்கள். முதலில் மதினி வந்தார். பிறகு அத்தை. கரையில் கால் வைத்ததும் அத்தை உட்கார்ந்துவிட்டார். நான் என் துப்பட்டாவால் அவர் தலையைத் துவட்டினேன். பல் கிட்டிப்போயிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மதினியின் இரண்டு ஆடுகள் போய்விட்டன. அவர் அதைச் சொல்லித்தான் அழுதார். "கண்ணு முன்னால போச்சுகளே, கத்திக்கிட்டே போச்சுகளே."

அன்று சாயங்காலம் கணவர் மலையிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். "மலை கறுத்துக் கெடக்குறது தெரியலையா? அவ டிவில போட்டுருக்கா, பாக்கலையா?" அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். காய்ச்சல் வந்திருந்தது.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் மிளகு ரசம் வைத்துக் கரைத்த சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது மதினி வந்தார். அத்தை கட்டிலில் இருந்தார், நான் தரையில். மதினி வாசற்படியில் உட்கார்ந்தார். நல்லவர் அவர். சண்டைக்கு வரவில்லை. விளங்காததைக் கேட்க வந்தார்.

"ஏத்தா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. நாங்க கெளம்புறதுக்கு முந்தி இங்கனதான் டிவி பாத்துக்கிட்டிருந்தோம். கீழ செவப்பா ஓடுச்சு. என்ன போட்டுருக்காகன்னு பெரியம்மாகிட்ட கேட்டேன். துணிக்கட தள்ளுபடின்னாக. அப்பறந்தான் ஆட்டப் பத்திக்கிட்டுப் போனோம். இப்ப ஊருல எல்லாரும் வெள்ளம் வருதுன்னு போட்டுருந்தாக, ஏன் போனீகங்கிறாக. எப்ப போட்ட நீ?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்திருந்தது. ரசம் போர்வையில் சிந்தியது. அவர் கவனிக்கவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எத்தனையோ ஞாபகம் வந்தது. கரண்ட் பில்லை என் கையில் கொடுத்து "கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன், நீ பாரு" என்பார். அந்தக் கண்ணாடியை நான் பார்த்ததே இல்லை. என் தங்கை கல்யாணப் பத்திரிகை வந்தபோது தலைகீழாகப் பிடித்திருந்தார். அட்டையின் படத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வாத்தியார் வீட்டுப் பெண் எனக்கு, ஒருவர் இப்படி இருக்க முடியும் என்ற எண்ணமே வந்ததில்லை.

"லேட்டாத்தான் போட்டேன், மதினி" என்றேன். "நீங்க பாக்குறப்ப துணிக்கடைதான் ஓடியிருக்கும். தப்பு எம்மேலதான்."

"செவப்பால்ல இருந்துச்சு?"

"தீவாளிக்குன்னு நெறத்த மாத்திருந்தோம்."

மதினி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அடிப்பாவி" என்றார், கோபமில்லாமல், களைத்துப்போய். எழுந்து போய்விட்டார்.

அத்தை கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி வைத்தேன். போர்வையைத் துடைத்தேன். பிறகு அவர் தானாகவே சொன்னார்.

"செவப்பு ஓடுனதப் பாத்தேன். அழகா இருந்துச்சு. தீவாளிக்கு நீ புதுசாப் போட்டுருக்கேன்னு நெனச்சேன்."

நான் துடைத்த துணியை மடித்துக் கீழே வைத்தேன்.

"பள்ளிக்கூடம் போகல நானு. தம்பி, தங்கச்சியப் பாத்துக்கிட வீட்டுலயே இருந்துட்டேன். பாட்டெல்லாம் காதால கேட்டுக் கேட்டு வந்துருச்சு. பொஸ்தகத்தச் சும்மா விரிச்சு வச்சுக்கிடுவேன். எல்லாரும் விரிக்கிறாகள்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "எம்மருமக எழுதுனதுன்னு அவகிட்டப் பீத்திப்புட்டேன். எழுதுனது என்னன்னு கேட்டா எனக்குத் தெரியாதுன்னு எப்பிடிச் சொல்லுவேன்? தெனமும் எதையாச்சும் சொல்லிருவேன். துணிக்கடன்னா துணிக்கட, நகைக்கடன்னா நகைக்கட. பாதி நாளு சரியாவும் இருந்துருக்கும். அவ எம்பேச்ச நம்பித்தானத்தா ஆத்துல எறங்குனா."

அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் மாமனார் இறந்தபோதுகூட அழவில்லை என்று ஊரில் சொல்வார்கள். நான் கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருமகள் மாமியார் கட்டிலில் உட்காருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அவன்கிட்டச் சொல்லிராத" என்றார். மகனைச் சொன்னார்.

"சொல்ல மாட்டேன், அத்தை."

இரண்டு நாளில் என் பொய் காலைச் சுற்றியது. கேபிள்காரர்கள் வெள்ளச் சேதியை நேரத்துக்குப் போடாமல் துணிக்கடை விளம்பரம் போட்டார்கள் என்று ஊரில் பேச்சு எழுந்தது. கலெக்ஷனுக்கு வந்த ஆளைப் பிடித்து நாலு பேர் சத்தம் போட்டார்கள். சேதி பாய் காதுக்குப் போனது. அவர் என்னைக் கீழே கூப்பிட்டார்.

"பத்தர மணிக்கே போட்டமேம்மா. டிவியத் தெருப் பக்கம் திருப்பி வச்சனே. நீயே லேட்டுன்னு சொன்னியாமே?"

நான் தலைகுனிந்து நின்றேன். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. "சொன்னேன், பாய். காரணம் இருக்கு, சொல்ல முடியாது. வேலைய விட்டு நிக்கச் சொன்னா நின்னுக்கிறேன்" என்றேன். அவர் கையிலிருந்த ஈயம் பற்றவைக்கும் கம்பியை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தார். "நாளைக்கு வா, பேசுவோம்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து இதை அத்தையிடம் நான் சொல்லவில்லை. கணவர்தான் சாப்பிடும்போது, டீக்கடையில் கேட்டதாகச் சொன்னார். "இவ வேலைக்கே ஆபத்து வரும்போல." அத்தை தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அத்தை நின்றபடியே சொன்னார்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுத்தா. அன்னைக்கு ஓடுனது வெள்ளச் சேதிதான். இவ நேரத்துக்குப் போட்டுருக்கா. நாந்தான் வாய்க்கு வந்ததச் சொல்லிப்புட்டேன். இவ எம்மானத்தக் காப்பாத்தப் பொய் சொல்லிருக்கா. ஊருல யார் கேட்டாலும் நீ இதச் சொல்லு."

மதினி அரிவாள்மணையைத் தள்ளி வைத்தார். நான் எதற்கும் தயாராக நின்றேன். அவர் கேட்டது வேறு.

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? தெரிஞ்சா ஒங்ககிட்ட ஏன் பெரியம்மா கேக்கப்போறேன்? ரெண்டாப்புல நின்னவ நானு. எம்பேர மட்டும் எழுதுவேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மதினிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆடுகள் ஞாபகம் வந்து அழுகையும் வந்தது. அத்தை கீழே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மறுவாரம் எங்கள் வீட்டு வெள்ளாடு போட்ட இரண்டு பெட்டைக்குட்டிகளை அத்தையே தூக்கிக்கொண்டு போய் அவர் தொழுவத்தில் விட்டுவிட்டு வந்தார். மதினியிடம் சொன்ன அன்றே கணவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும் சத்தமாகவே படிப்பார், கரண்ட் பில்லைக்கூட.

பாய் வரச் சொல்லியிருந்த மறுநாள், அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அத்தையே சொல்லச் சொன்னதால். அவர் கேட்டுவிட்டுக் கடையில் ஓடிய டிவியைப் பார்த்தார்.

"எங்கம்மா தெனமும் குர்ஆன் ஓதுவாக. அந்த எழுத்து அவுகளுக்குத் தண்ணி பட்ட பாடு. தமிழ்ல ஒரு எழுத்துத் தெரியாது. நம்ம டிவியத்தான் பாக்குறாக. அவுகளுக்கு யாரு படிச்சுச் சொல்றாகன்னு இத்தன வருசமா நான் கேட்டதில்ல" என்றார்.

"வாயால சொல்லிப் போடுவோமா, பாய்? படத்த அர நிமிசம் நிறுத்திட்டு?"

"படத்த நிறுத்துனா போன் போட்டுத் திட்டுவாக."

"திட்டட்டும்."

அவர் சிரித்தார். "சரி, எழுது. ஒரு படமும் போடு."

கம்ப்யூட்டரில் நானே மவுசைப் பிடித்து வரைந்தேன். சிவப்புத் திரை, நடுவில் வளைந்து போகும் ஆறு, அதன் குறுக்கே பெருக்கல் குறி. அதை அச்செடுத்துக் கொண்டுபோய் அத்தையிடமும் மதினியிடமும் காட்டினேன்.

"இது என்ன, பாம்பா?" என்றார் மதினி.

"பாம்பு வரக்கூடாதுன்னு போட்டுருக்கா" என்றார் அத்தை.

நான் ஆறு என்றேன். இருவரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு ஆளைப் போடு என்றார் அத்தை. ஆட்டையும் போடு என்றார் மதினி. கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு ஆளும், பக்கத்தில் ஒரு ஆட்டின் தலையும் வரைந்தேன். ஆடு நாய் போலத்தான் வந்தது. நான்காவது முறை இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு சொல்ல வேண்டிய வாக்கியம். தாலுகா ஆபீஸ் வாசகத்தையே வாசித்துக் காட்டினேன். அத்தை கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கேட்டுக்கொள்ளப்படுறாகன்னா யாரு? நானா?"

"ஆமா, அத்தை."

"அப்ப எங்கிட்டச் சொல்லு. ஆத்துல தண்ணி வருது, எறங்காதீக, எறங்கி நிக்கிறவுக மேல வந்துருங்கன்னு சொல்லு. எதுக்குச் சுத்தி வளைக்கிற?"

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டேன். மறுநாள் கண்ட்ரோல் ரூம் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, மைக்கில் பேசிப் பதிவு செய்தேன். பாய் கேட்டுவிட்டு, "டிவில இப்பிடிப் பேசுவாகளா?" என்று தாடையைத் தடவினார். பிறகு பதிவை வீட்டுக்கு எடுத்துப்போய் அவர் அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். வந்து, "மாத்தாத, இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். சிவப்புப் பட்டையில் எழுத்தும் எப்போதும்போல ஓடும். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

சோதனைக்காக ஒரு நாள் மத்தியானம் அதை ஒரே ஒரு முறை ஓடவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஒங்கொரல் மூக்கடச்ச மாதிரி இருந்துச்சு. துளசியும் மெளகும் தட்டிப் போட்டு வச்சிருக்கேன், குடி" என்றார் அத்தை. சாதாரண நாளில் அவர் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அப்போதெல்லாம் அதிகம்.

தீபாவளி முடிந்து, கார்த்திகையில் ஒரு நாள் காலை, மறுபடி போன் வந்தது. மலையில் மழை, இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் ஏறும். படம் ஓடிக்கொண்டிருந்தது, நாயகன் நாயகியைத் தேடிக்கொண்டிருந்தான். பாய் மேலே வந்து பின்னால் நின்றார். நான் படத்தை நிறுத்தினேன். சிவப்புத் திரை, ஆள், ஆடு, என் குரல். பிறகு படம். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி நிறுத்தினேன். இடையில் இரண்டு பேர் போன் செய்து திட்டினார்கள். மூன்றாவது ஆள் திட்டவில்லை. "மேல எவ்வளவு தண்ணி வருது?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

நான் நிறுத்துவதும் ஓடவிடுவதுமாக இருந்தேன். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தால் வெளியே யார் பார்க்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. சன்னல் வழியே கடைவீதிதான் தெரியும். அங்கே வெயிலில் ஆட்கள் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. எடுத்தேன். எதிர்முனையில் எஸ்.டி.டி. பூத்துக்காரர், "இந்தாங்க, பேசுங்க, இதுலதான் பேசணும்" என்று யாருக்கோ சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு. அப்புறம் அத்தையின் குரல், தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

"ஏத்தா, நாந்தான். கேட்டுச்சு, நல்லாக் கேட்டுச்சு. தொவைக்கப் போனவுகளக் கூப்புட ஒம்மதினி ஓடுனா. எல்லாரும் மேல வந்துட்டாக. இப்பத்தான் தண்ணி ஏறுது."

"சரி, அத்தை."

"யாரும் அங்கன இல்ல. நான் ஒருக்கா எண்ணிப் பாத்துட்டேன்."

பாய் என்ன என்று கையால் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

"கேக்குதா?" என்றார் அத்தை.

"கேக்குது."

"காலையில ஒண்ணுந் திங்காமப் பஸ் ஏறிட்டியே. ஒம் பையில டப்பாவுல எலுமிச்சஞ்சோறு வச்சிருக்கேன், ஆறிப்போகும். சாப்புட்டு அப்பறம் பேசு."